ரூலிங் கிரேடியன்ட்டும் குடும்ப மலைநடையும்



சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, தாராவியில் வசிக்கும் சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, லீவு விட்டா பிள்ளைகள எங்கதான் கூட்டிட்டுப் போக? வீட்டுல ஒரே ரூம். வெளிய போனா மால், இல்லாட்டி சௌபாத்தி. ரெண்டுலயும் காசுதான் கரையுது."

"மலைக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "மலைக்குப் போகணும்னா ஊருக்குல்லா போகணும்?" என்றார்.

அந்தச் சகோதரி மட்டுமல்ல, நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலை என்றால் குற்றாலம், பாபநாசம்; அதுவும் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால்தான். ஆனால் நம் பாபநாசத்துக்குப் பின்னால் நிற்கிற அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான் வடக்கே நீண்டு வந்து, சஹ்யாத்ரி என்ற பெயரில் நம் மும்பைக்கும் காவல் நிற்கிறது. அதன் அடிவாரம் வரை மின்சார ரயிலிலேயே போய் இறங்கலாம். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மலைகளில் பிழைப்புக்காகவும் நடந்திருக்கிறேன், பிள்ளைகளோடும் நடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை ஒரு பாடமாக எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டதன் பேரில் இதை எழுதுகிறேன்.

ரூலிங் கிரேடியன்ட் என்றால் என்ன?

முதலில் ஒரு ரயில்வேப் பாடம். ரயில் பாதையின் ஏற்றத்தை நாங்கள் "37க்கு 1" என்பதுபோல் சொல்லுவோம். 37 மீட்டர் முன்னால் போனால் 1 மீட்டர் உயரும் என்று பொருள். நடந்து போகிற மனிதனுக்கு இது ஏற்றமாகவே தெரியாது. ரயிலுக்கு அப்படியில்லை. 37க்கு 1 ஏற்றத்தில் ஒவ்வொரு டன் எடையும் சுமார் 27 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். ஆயிரம் டன் ரயில் என்றால் 27 டன்! சமதளத்தில் இழுக்க வேண்டிய விசையைவிட இது பல மடங்கு அதிகம்.

கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையிலுள்ள போர் காட் பாதையில் உள்ள ஏற்றம் இதுதான். ரயில் அங்கே சுமார் 560 மீட்டர் உயரம் ஏறுகிறது. 1856இல் தொடங்கி 1863இல் திறக்கப்பட்ட பாதை அது. வேலை உச்சத்தில் இருந்தபோது நாற்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். காலராவிலும் விபத்திலும் மாண்டவர்கள் ஏராளம். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் இந்தியாவுக்கு வந்த சில நாட்களிலேயே 1859இல் இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அந்த ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று நடத்தி முடித்தார். அடுத்த முறை புனே ரயிலில் போகும்போது குகைகளை எண்ணுகிற உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

இப்போது பாடத்துக்கு வருவோம். மும்பையிலிருந்து கர்ஜத் வரை பாதை ஏறக்குறைய சமதளம். அங்கே ஓர் இன்ஜின் எவ்வளவு பாரத்தையும் இழுத்துவிடும். ஆனால் அந்த ரயிலின் பாரத்தை முடிவு செய்வது அந்தச் சமதளம் அல்ல. வழியில் உள்ள மிகக் கடினமான ஏற்றம்தான் முடிவு செய்கிறது. அதற்குத்தான் "ரூலிங் கிரேடியன்ட்" என்று பெயர். ஆட்சி செய்கிற ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற நூறு கிலோமீட்டர் எவ்வளவு சுலபமாக இருந்தாலும் கணக்கு அந்த ஏற்றத்துக்குத்தான். அதையும் ஓர் இன்ஜினால் ஏற முடியாதென்றால் கர்ஜத்தில் பின்புறம் பேங்கர் இன்ஜின்களை இணைத்துத் தள்ளச் செய்வார்கள்.

குடும்பத்தோடு மலைக்குப் போவதும் இப்படித்தான். அப்பா வேகமாக நடப்பார், கல்லூரிப் பையன் ஓடியே ஏறிவிடுவான் என்பதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. ஆறு வயதுக் குழந்தையின் கால், அறுபது வயது ஆச்சியின் முழங்கால், இவற்றில் எது மெதுவானதோ அதுவே நம் குடும்பத்தின் ரூலிங் கிரேடியன்ட். வழி, நேரம், சுமை எல்லாம் அதற்கேற்பத்தான். வலுவான பிள்ளைகள் முன்னால் ஓடாமல் பின்னால் பேங்கராக வர வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட நாள்

இவ்வளவு தெளிவாக எழுதுகிற நான் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை.

1994 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது நாங்கள் மாட்டுங்காவில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. நேரலில் இறங்கி, மலையடிவாரத்தில் ஓர் அருவியைப் பார்க்கப் போனோம். வழியில் ஓர் ஓடை. காலையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குதூகலமாகக் கடந்தார்கள். அருவியில் குளித்து, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பும்போது மணி இரண்டரை. எங்கள் தலைக்கு மேல் பெரிதாக மழை இல்லை. ஆனால் மலை உச்சி கறுத்திருந்தது. ஓடைத் தண்ணீர் காப்பி நிறத்தில் சுள்ளியும் சருகுமாக வந்துகொண்டிருந்தது.

தண்டவாள வேலையில் மழைக்காலம் முழுவதும் ரோந்து உண்டு. கையில் விளக்கும் ஊதலுமாக ஆட்கள் இரவெல்லாம் மலைப்பாதையில் நடந்து, பாறை விழுந்திருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீர் நிறம் மாறினால் மேலே ஏதோ நடக்கிறது என்பதை அந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் அன்று எனக்குக் கண்ணில் பட்டது நாலரை மணி லோக்கல் மட்டும்தான்.

"முழங்கால் அளவுதானே, போயிடலாம்" என்று சொல்லி மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது அடியில் கால் வழுக்கியது. ஒரு கையால் பாறையைப் பிடித்ததால் நின்றேன். எதிர்க்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாக்கர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் "தாம்பா! தாம்பா!" என்று கத்தி, திரும்பிப் போகும்படி கையை வீசினார். எப்படியோ பின்வாங்கிக் கரையேறினேன். கால் மணி நேரத்தில் நான் நின்ற இடத்தில் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஓடியது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நனைந்தபடி பாறையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பெரியவரே இரண்டு இளைஞர்களோடு வந்து பிள்ளைகளைத் தூக்கிக் கடத்திவிட்டார். தம் குடிசையில் அடுப்பு மூட்டி, பால் இல்லாத தேநீர் கொடுத்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

திரும்பும் ரயிலில் கல்யாண் வரும்வரை என் துணைவியார் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் மடியில் தூங்கிவிட்டாள். அப்போது மெதுவாகக் கேட்டார்: "ஒங்க தண்டவாளத்துக்கு மழையில ஆள் போட்டுப் பாக்கீங்க. எம் பிள்ளைகளுக்கு யாரப் போட்டீங்க?"

எனக்குப் பதில் இல்லை. அதன்பின் ஏழு ஆண்டுகள் அவர் எங்களோடு எந்த மலைக்கும் வரவில்லை. நான் கணக்குப் போடக் கற்றுக்கொண்டது அந்த ஏழு ஆண்டுகளில்தான்.

ஒரு விளக்கமும் சொல்லிவிடுகிறேன். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். இந்த மலைகள் செங்குத்தானவை. கரும்பாறை தண்ணீரை உடனே உறிஞ்சாது. ஆகவே சிறிய ஓடைகளில் வெள்ளம் திடீரென்று ஏறும். மேலே மழை விட்டால் சில மணி நேரத்தில் இறங்கியும் விடும். அகப்பட்டுக்கொண்டால் உயரமான இடத்தில் காத்திருப்பதே மருந்து. போனால் போகட்டும் ரயில்; அடுத்த லோக்கல் வரும்.

நேரக் கணக்கு

மலைநடைக்கு நேரம் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நேஸ்மித் சொன்னது. நாம் பயன்படுத்தும் அளவைகளில் சொன்னால்: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் 1 மணி நேரம். இது திடமான ஆட்களுக்கு. நம் குடும்பங்களுக்கு வரும் விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பக்கத் தூரம் 4 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஏறுவதற்கு: தூரத்துக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 78 நிமிடம். இரண்டால் பெருக்க 156 நிமிடம்.
இறங்குவதற்கு: 48 நிமிடம், இரண்டால் பெருக்க 96 நிமிடம்.
இளைப்பாற மணிக்குப் பத்து நிமிடம் வீதம்: சுமார் 40 நிமிடம்.
சாப்பாட்டுக்கு: 45 நிமிடம்.

மொத்தம் 337 நிமிடம். ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். காலை 8 மணிக்கு ஏறத் தொடங்கினால் பிற்பகல் ஒன்றரைக்கு அடிவாரத்தில் இருக்கலாம். "ஞாயிற்றுக்கிழமைதானே" என்று பத்தரைக்குத் தொடங்கினால் நடுப்பகல் வெயில் முழுவதும் குழந்தையின் தலையில்தான் விழும்.

இறங்குவதுதானே, சுலபம் என்று எண்ண வேண்டாம். போர் காட் பாதையில் கீழே இறங்கும் ரயிலுக்குத்தான் பிரேக் பரிசோதனையும் வேகக் கட்டுப்பாடும் மிகக் கடுமை. கட்டுப்பாடு இழந்தால் திருப்பிவிடுவதற்கென்றே கேட்ச் சைடிங் என்ற மேடேறும் கிளைப்பாதைகளும் உண்டு. நமக்கும் இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் விழுகிறது. களைத்த கால் அப்போதுதான் வழுக்குகிறது. ஆகவே இறங்கும்போது குழந்தைகளை ஓட விடாதீர்கள். அடிக்கடி நின்று இறங்குங்கள்.

இன்னொன்று, திரும்பும் நேரம். புறப்படும் முன்பே "இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் பிளாக் எடுத்து வேலை செய்யும்போது, குறித்த நேரத்தில் பாதையை ஒப்படைத்தாக வேண்டும். இன்னும் நாலு போல்ட்தான் பாக்கி என்று சொல்ல முடியாது. உச்சிக்கு இன்னும் நூறு அடிதான் பாக்கி என்றாலும் அதே சட்டம்தான்.

ஐந்து வகுப்புகள்

எடுத்தவுடன் கோட்டை ஏறக் கூடாது. பள்ளிக்கூடம் போல ஒன்றாம் வகுப்பிலிருந்து வர வேண்டும். எல்லாம் ரயிலடியிலிருந்து போகக்கூடிய இடங்களாகவே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஒன்றாம் வகுப்பு: சயான் கோட்டையும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கும். இரண்டும் தாராவி மக்களுக்கு வாசற்படி போல. சயான் குன்றின் மேலுள்ள சிறிய கோட்டை, கவர்னர் ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில் 1669க்கும் 1677க்கும் இடையே கட்டப்பட்டது. ஆங்கிலேயர் வசமிருந்த தீவுக்கும் போர்ச்சுகீசியர் வசமிருந்த சால்செட்டுக்கும் அப்போது எல்லை அங்கேதான் இருந்தது. நாலு வயதுக் குழந்தையும் ஏறிவிடும். நேச்சர் பார்க், மித்தி ஆற்றங்கரையில் தாராவியை ஒட்டி 37 ஏக்கரில் உள்ளது. ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை கொட்டிய இடம் அது. மரம் நட்டு வளர்த்து 1994இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். குப்பைமேடு காடாகும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது ஒரு பெரிய படிப்பு. இங்கே ஒரு மணி நேரம் உட்காராமல் நடக்கும் குழந்தையை அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி செய்யலாம்.

இரண்டாம் வகுப்பு: கன்ஹேரி குகைகள். போரிவிலியில் இறங்கினால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நடக்கும் தூரம். சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு. விஹார் ஏரியும் (1860) துளசி ஏரியும் (1879) இதற்குள்தான் உள்ளன. வாசலிலிருந்து குகைகள் சுமார் 6 கிலோமீட்டர். சிறு குழந்தைகள் இருந்தால் பூங்காவின் வாகனத்தில் போய்விட்டு, நடையைக் குகைகளுக்காக மிச்சப்படுத்துங்கள். கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஆயிரம் ஆண்டு அளவில் பௌத்தத் துறவிகள் குடைந்த 109 குகைகள். மூன்றாம் எண் குகை முகப்பில் ஏறக்குறைய 7 மீட்டர் உயரப் புத்தர் நிற்கிறார். கன்ஹேரி என்ற பெயர் கிருஷ்ணகிரி, அதாவது கருமலை, என்பதன் திரிபு. நம் கிருஷ்ணகிரியும் அதே பெயர்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

பாறையில் வெட்டியிருக்கும் சிறு வாய்க்கால்களைக் கட்டாயம் காட்டுங்கள். மழைத் தண்ணீர் குகைக்குள் வராமல் தடுத்து, தொட்டியில் சேர்க்கிற ஏற்பாடு அது. ரயில் பாதைக்காக மலையை வெட்டும்போது மேலே "கேட்ச் வாட்டர் டிரெய்ன்" என்று நாங்கள் வெட்டுவதும் இதே தத்துவம்தான். எனக்கு முன்னோடிகள் அந்தத் துறவிகள்!

பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது சிறுத்தைகள் வாழும் காடு. ஆகவே விடிவதற்கு முன்னும் மாலை மங்கிய பின்னும் உள்ளே நடக்கக் கூடாது, குழந்தைகள் வரிசையின் நடுவில் வர வேண்டும், கிளைப்பாதைகளில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. குரங்குகள் பிளாஸ்டிக் பை சலசலப்பைக் கேட்டாலே வந்துவிடும். சாப்பாட்டைத் துணிப்பைக்குள் வையுங்கள்.

மூன்றாம் வகுப்பு: மாதேரான். மராத்தியில் மாதா என்றால் நெற்றி, ரான் என்றால் காடு. நெற்றிமேல் காடு சூடிய மலை. தாணே கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் 1850இல் இங்கே வந்த பிறகுதான் இது கோடைவாசஸ்தலமாயிற்று. உயரம் சுமார் 800 மீட்டர். நேரலிலிருந்து போகும் பொம்மை ரயில் 1907இல் அப்துல் ஹுசேன் ஆதம்ஜி பீர்பாய் என்பவர் முயற்சியில் அமைந்தது. 2 அடி அகலத் தண்டவாளம், 21 கிலோமீட்டர், ரூலிங் கிரேடியன்ட் 20க்கு 1. 2005 ஜூலை வெள்ளத்தில் பாதை அடித்துச் செல்லப்பட்டு 2007இல் மீண்டது. 2019 மழையில் மறுபடியும் சேதமாகி, 2022 அக்டோபரில் முழுப் பாதையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து இந்த ரயில் ஓடாது.

குடும்பங்களுக்கு நான் சொல்லும் வழி இது: நேரலில் பங்கு டாக்சி பிடித்து தஸ்தூரி வரை போங்கள். அங்கிருந்து காரோ மோட்டார் சைக்கிளோ உள்ளே போக முடியாது என்பதால் குழந்தையின் கையை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்கலாம். அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து கடைத்தெரு சுமார் 3 கிலோமீட்டர். நிழலான செம்மண் பாதை. ஆச்சி தாத்தாவுக்கு முடியாவிட்டால் அந்தத் தூரத்துக்கு ஷட்டில் ரயில் உண்டு. ஆகவே மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போகக்கூடிய மலை இதைவிட வேறில்லை. பார்வை முனைகளில் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். சார்லட் ஏரியும் லூயிசா முனையும் ஒரு நாளைக்குப் போதும். விளிம்புகளில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. படம் எடுப்பதற்காகப் பின்னால் நகரவே கூடாது.

நான்காம் வகுப்பு: கர்னாலா. செம்பூர்க்காரர்களுக்கு வசதி. ஹார்பர் லைனில் ஏறினால் நேராகப் பன்வேல். அங்கிருந்து பென் செல்லும் பேருந்தில் கோவா சாலையில் சுமார் 12 கிலோமீட்டர். 1968இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். சிறியவர்கள் கீழே காட்டுப்பாதையில் பறவை பார்க்கலாம்; பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் கோட்டை வரை ஏறலாம். உச்சியில் கட்டைவிரல் போல நிற்கும் கருங்கல் தூண் சுமார் 125 அடி உயரம். அதில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். ஆகவே வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது. புகை, கூச்சல், கல்லெறிதல் எதுவும் கூடாது. தூணில் ஏறவும் கூடாது. வழியில் குடிதண்ணீரை நம்ப வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் கையில் இருக்கட்டும்.

ஐந்தாம் வகுப்பு: பாஜாவும் லோஹகட் கோட்டையும். லோனாவாலாவை அடுத்த மளவ்லி நிலையத்தில் இறங்க வேண்டும். போர் காட் பாதையை ரயிலில் ஏறிப் பார்ப்பதே பாதிப் பாடம். பாஜாவில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் குடைவரைகள் 22 உள்ளன. அங்கே மட்டும் போய்த் திரும்பினாலும் நல்ல நடைதான். லோஹகட் கடல் மட்டத்திலிருந்து 1,033 மீட்டர். நாலு வாசல்களைக் கடந்து நல்ல கற்படிகளில் ஏறலாம். உச்சியிலிருந்து தேள்கொடுக்கு போல நீண்டிருக்கும் பாறைமுனைக்கு விஞ்சுகாட்டா என்று பெயர். அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகட்டும் ஒன்று. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிராவில். மீதி ஒன்று நம் செஞ்சி. சிவாஜி மகாராஜா 1677இல் செஞ்சியைப் பிடித்தார். மராத்திப் பள்ளித் தோழர்களோடு படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு கோட்டையும் ஒரே வரலாறு என்று தெரிந்துகொள்வது நல்லது.

புறப்படும் முன்

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் எந்தப் பாதையில், எத்தனை மணி வரை என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனையோ ஞாயிறுகளில் அந்த பிளாக்கில் நின்று உங்கள் திட்டு வாங்கியவன் சொல்கிறேன்!

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குடும்பங்களுக்கு ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை நம்மில் பலர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்தவர்கள்தானே. மழைக்காலத்தில் கரும்பாறையில் பாசி படிந்துவிடும். அருவியும் ஓடையும் குடும்பத்துக்கு வேண்டாம்.

செருப்பு கூடாது. பள்ளிக்கூடத்து கான்வாஸ் ஷூ போதும். புதிது வாங்க வேண்டாம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், கடலை மிட்டாய் கெடாது. தயிர்ச்சாதத்தை வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு, ஒரு ஊதல், ஒரு டார்ச், கட்டுத்துணி இருக்கட்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலையடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் "போகாதீர்கள்" என்றால், நம் படிப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பயிற்சி

வரும் ஞாயிற்றுக்கிழமை சயான் கோட்டைக்குக் குடும்பத்தோடு போங்கள். குன்றின் அடியிலிருந்து உச்சி வரை யார் யாருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் அதிகமான எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். இனி உங்கள் குடும்பத்தின் எல்லாப் பயணங்களுக்கும் அந்த எண்தான் கணக்கு.

சென்ற டிசம்பரில் நாங்கள் கன்ஹேரிக்குப் போயிருந்தோம். துணைவியார், மகள், எட்டு வயதுப் பேரன், நான். பதினொன்றரைக்குத் திரும்புவது என்று பேச்சு. பதினொன்றுக்கே துணைவியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "நான் இந்தத் திண்ணையில உக்காந்திருக்கேன், நீங்க மேல போயிட்டு வாங்க" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேரன் சொல்லிவிட்டான்: "அது எப்படி தாத்தா? ஆச்சிதானே ரூலிங் கிரேடியன்ட்?"

"என்னையப் பாத்து என்னமோ இங்கிலீஷ்ல வையுதான்" என்று துணைவியார் சிரித்தார். எல்லோரும் அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து இட்லியைப் பிரித்தோம். உச்சிக் குகைகளை இன்னும் பார்க்கவில்லை. வருகிற குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.